விருந்து மேசைமேல் ஒரு சித்திர ஏடு
(யூதக் குடும்பங்களின் பாஸ்கா நினைவும் ஓவியமும்)

யூபிலி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 'யோபேல்' என்னும் எபிரேயச் சொல்லின் வழியில் வந்தது அது. ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது அதன் பொருள். ஐம்பதாம் ஆண்டில் அக்கொம்பை ஊதி, அடிமைகளுக்கு விடுதலையும், நிலமிழந்தோர்க்கு அவரவர் காணியும் திரும்பக் கிடைக்கும்படி அறிவிக்க வேண்டும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சொல்லை எடுத்துக்கொண்ட நாம், அதைத் தந்த மக்களின் வீட்டு வாசலை எட்டிப் பார்த்தது குறைவு.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் யூதர் என்றால் யார் என்று நமக்குத் தெரிவித்தது பாஸ்கு மேடைதான். ஒட்டுத்தாடியும், உருட்டும் விழியும், காலைத் தரையில் ஓங்கி உதைக்கும் கூத்துமாக யூதர் வேடம் கட்டினவர்கள் மேடையேறினால் குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். பெரிய வெள்ளியன்று கேட்ட பிரசங்கங்களும் அந்தப் பயத்தைத் தணித்ததாக நினைவில்லை. இத்தனைக்கும் 'பாஸ்கு' என்ற அச்சொல்லே அவர்களுடைய பாஸ்காப் பண்டிகையின் பெயர். நம் ஆண்டவர் பெரிய வியாழன் இரவில் சீடரோடு பந்தியமர்ந்தது பாஸ்கா விருந்துக்கே என்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் எழுதியிருக்கிறார்கள். பந்தி அவர்களுடையது, அதைப் பற்றி நாம் அறிந்ததோ சொற்பம். ஆகவே அப்பந்தியில் அவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு புத்தகத்தைப் பற்றியும், அதில் வரைந்த சித்திரங்களைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அப்புத்தகத்தின் பெயர் 'ஹகாதா'. எடுத்துச் சொல்லுதல் என்பது அதன் பொருள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ராயேல் மக்களைக் கடவுள் மீட்ட வரலாற்றை மகனுக்குச் சொல்ல வேண்டும் என்பது யாத்திராகமத்தின் கட்டளை. 'இந்தச் சடங்கு ஏன்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்கிறது வேதம். கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் பலிபீடம் இல்லை, பாஸ்காச் செம்மறியைப் பலியிட வழியுமில்லை. மிஞ்சியது வீட்டு மேசை ஒன்றே. அன்றிரவு தந்தையோ பாட்டனோ தலைமை வகிக்க, குடும்பம் முழுவதும் மேசையைச் சூழ அமரும். இவ்விருந்துக்கு 'செதேர்' என்று பெயர். ஒழுங்குமுறை என்பது அதன் பொருள். நான்கு கிண்ணம் திராட்சை இரசம், அவசரமாகப் புறப்பட்டதை நினைவூட்டும் புளியாத அப்பம், அடிமைத்தனத்தின் கசப்புக்குக் கசப்புக் கீரை, செங்கல்லுக்குப் பிசைந்த சேற்றை நினைவூட்டப் பழமும் கொட்டைப் பருப்பும் இரசமும் சேர்த்து அரைத்த 'ஹரோசெத்' என்னும் விழுது, கண்ணீருக்கு உப்புநீர். வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப்போல் இல்லை என்று கேட்கும். விடையாகத்தான் ஹகாதா வாசிக்கப்படுகிறது. பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி இரசத்தை விரலால் தொட்டுக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எகிப்தியரும் மாண்டார்களே, நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். நமக்கு இவ்வழக்கம் மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தச் சடங்கு எளிதில் முடிவதில்லை; நடு இரவையும் தாண்டும். அதுவரை குழந்தைகள் விழித்திருக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அதற்கு ஒரு வழியாகவே ஹகாதாவில் படம் புகுந்தது. விக்கிரகம் செய்யலாகாது என்ற கட்டளையை நெஞ்சில் தாங்கிய மக்கள், ஜெபக்கூடத்துச் சுவரில் பெரும்பாலும் துணியாததை வீட்டுப் புத்தகத்தில் துணிந்தார்கள். பல எபிரேய நூல்கள் ஓவியம் பெற்றிருந்தாலும் ஹகாதா பெற்ற அளவுக்குப் பெற்றவை அரிது. அது வாசக மேடையில் வைக்கும் நூலன்று, சோற்றுத் தட்டுக்கருகே வைக்கும் நூல். அதனால்தான் உலகின் பெரும் நூலகங்களில் இன்று கண்ணாடிக்குள் இருக்கும் ஹகாதாக்களிலும் இரசக்கறை இருக்கிறது.

கி.பி. 1300 அளவில் தெற்கு ஜெர்மனியில் எழுதப்பட்ட ஒரு ஹகாதாவை முதலில் பார்ப்போம். மெனாகேம் என்னும் எழுத்தர் எழுதியது. இன்று எருசலேமில் இஸ்ராயேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களும், அப்பம் சுடுபவர்களும், மோயீசனும் எல்லாரும் பறவைத் தலையுடன் இருக்கிறார்கள்! கூரிய அலகு, வட்டக் கண். எனவே இதற்குப் 'பறவைத் தலை ஹகாதா' என்று பெயர். மனித முகம் வரையத் தயங்கியதால் இப்படி என்பார் பலர். கழுகும் சிங்கமும் கலந்த பெருமைக்குரிய உருவம் இது என்பார் சிலர். நாம் இங்கு கவனிப்பது வேறொன்றை. அப்பறவைத் தலைகளின்மேல் ஒரு கூம்புத் தொப்பி இருக்கிறது. ஜெர்மன் நாடுகளில் யூதரை அடையாளம் காட்டிய தொப்பி அது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், யூதர்கள் உடையினால் கிறிஸ்தவரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. நம் திருச்சபையின் சங்கம்தான். அந்த அடையாளத் தொப்பியை ஓவியன் மறைக்கவில்லை. எகிப்தை விட்டுப் புறப்படும் மூதாதையர் தலையிலும் அதையே சூட்டிவிட்டான். அன்றைய மீட்பில் தானும் தன் பிள்ளைகளும் நின்றதாக ஒவ்வொருவனும் எண்ண வேண்டும் என்பது ஹகாதாவின் போதனை. அதை அவன் தூரிகையால் நிறைவேற்றினான்.

இந்த ஏடு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்து, பெண்வழியாக லூட்விக் மாரும் என்பவர் வீட்டுக்கு வந்தது. யூதரான இவர் வழக்கறிஞர், ஜெர்மன் பாராளுமன்ற உறுப்பினர், நாஜிகளை எதிர்த்தவர். 1934-இல் கிஸ்லாவ் முகாமில் அவரைக் கொன்றார்கள். 1946-இல் இந்த ஏடு எருசலேமில் 600 டாலருக்கு விற்கப்பட்டது. விற்றவர் மாரும் குடும்பத்தார் அல்லர். அக்குடும்பத்தின் பேரர்கள் அண்மைக் காலத்தில் இது எங்கள் வீட்டு ஏடு என்று உரிமை கேட்டார்கள்.

ஸ்பெயினில் செய்த ஏடுகளில் பறவைத் தலை இல்லை. மனித முகங்கள், பொன் தகடு, அரண்மனைச் சாயல். 1320 அளவில் பார்சலோனாப் பக்கம் வரைந்த 'பொன் ஹகாதா' பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அக்காலக் கிறிஸ்தவ ஜெப நூல்களின் சித்திரங்களோடு ஒப்பிட்டால் உடன்பிறப்பு என்றே சொல்லலாம்: அதே பொற்பின்னணி, அதே மடிப்பு மடிப்பான ஆடை. ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்கள். ஒன்றில் செங்கடலைக் கடந்த மிரியமும் தோழியரும் மேளம் கொட்டி ஆடுகிறார்கள். அடுத்ததில் வீட்டுத் தலைவர் பிள்ளைகளுக்கு அப்பமும் ஹரோசெத்தும் பங்கிடுகிறார். மூன்றாவதில் பெண்கள் ஒட்டடை அடித்து வீடு பெருக்குகிறார்கள்! புளித்த மாவின் துணுக்குக்கூட பாஸ்கா நாளில் வீட்டில் இருக்கலாகாது என்பதால் இந்தப் பெருக்கல். கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் நம் வீட்டுப் பெண்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் இப்படத்தை விட்டு எளிதில் கண்ணெடுக்க மாட்டார்கள். செங்கடலின் அற்புதத்துக்கும் ஒட்டடைக் குச்சிக்கும் ஒரே அளவுக் கட்டம் கொடுத்த ஓவியனை மெச்சாமல் இருக்க முடியவில்லை. 1602-இல் இத்தாலியில் ஒரு ராபி தம் மகளின் திருமணத்தில் மாப்பிள்ளைக்கு இந்த ஏட்டைச் சீதனமாகக் கொடுத்தார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இந்த ஏடு ஸ்பெயினிலிருந்து இத்தாலிக்கு ஏன் போனது? 1492 மார்ச்சு 31-ஆம் நாள், கத்தோலிக்க அரசர் எனப் பட்டம் பெற்ற பெர்டினாண்டும் இசபெல்லாவும், ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் நான்கு மாதத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார்கள். அப்படிப் போனவர்கள் பொன் வெள்ளியை எடுத்துச் செல்லத் தடை இருந்தது. புத்தகம் எடுத்துச் சென்றார்கள்.

அக்காலத்தில் பாஸ்கா என்றாலே யூதர் நடுங்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று அந்த இரத்தத்தைப் புளியாத அப்பத்தில் கலக்கிறார்கள் என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். இரத்தத்தை உண்பதே மோயீசன் சட்டப்படி தகாது, மாமிசத்தை உப்பிட்டு இரத்தத்தை வடித்த பிறகே சமைக்கும் மக்கள் அவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. பாப்பரசர் நான்காம் இன்னசென்ட் 1247-இல் இந்தப் பழியைக் கண்டித்து எழுதினார். கேட்டவர் யார்? 1475-இல் வடஇத்தாலியின் திரெந்து நகரில், பரிசுத்த வாரத்தில், சீமோன் என்ற சிறு பையன் மாண்டு கிடந்தான். நகர யூதரைப் பிடித்து, சித்திரவதையால் ஒப்புதல் வாங்கி, ஆண்களில் பலரைக் கொன்றார்கள். அப்பிள்ளையை வேதசாட்சியாக வணங்கவும் செய்தார்கள். அந்த வணக்கம் 1965-இல்தான் நிறுத்தப்பட்டது. 490 ஆண்டுகள்!

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த படத்தின் பொருள் விளங்கும். செதேர் இரவின் பிற்பகுதியில், எலியாஸ் தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணம் நிரப்பி, அவர் வருவார் என்ற நம்பிக்கையில் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். ஜோயேல் பென் சிமெயோன் என்ற யூத எழுத்தரும் ஓவியருமான ஒருவர் ஜெர்மனியிலும் வடஇத்தாலியிலும் ஊர் ஊராகச் சென்று ஹகாதாக்கள் எழுதி வந்தார். அவர் 1478-இல் முடித்த ஓர் ஏடு இன்று வாஷிங்டன் நகரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. கதவு திறக்கும் பக்கத்தில் அவர் வரைந்ததைக் கேளுங்கள். கழுதையின்மேல் மெசியா வருகிறார். அவருக்குப் பின்னால் அதே கழுதையின்மேல் ஒரு குடும்பமே நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருக்கிறது. பாவம், கழுதை! நம்மூரில் ஒரே சைக்கிளில் தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லாரும் திருவிழாவுக்குப் போவதைப் பார்த்திருக்கிறோமல்லவா, அந்தக் காட்சிதான். திரெந்து நகரின் கொலைக்குப் பின் மூன்று ஆண்டுகூட முடியவில்லை. வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாத இருட்டில் கதவைத் திறக்கும் வீட்டாருக்கு, வந்து நிற்பவர் மெசியா என்றும், பிள்ளைகளை விட்டுவிடாமல் ஏற்றிக்கொண்டு போவார் என்றும் வரைந்து காட்டினார் அந்த ஓவியர்.

அச்சு வந்தபின் ஏழை வீடுகளுக்கும் படம் கிட்டியது. 1526-இல் பிராகு நகரில் கெர்ஷோம் கோகேன் மரச்செதுக்குப் படங்களோடு ஒரு ஹகாதா அச்சிட்டார். முயலை வேட்டையாடும் படம் ஒன்று அதில் இருக்கிறது. முயலுக்கும் பாஸ்காவுக்கும் என்ன உறவு? ஓய்வுநாள் முடியும் இரவில் பாஸ்கா வந்தால் செபங்களை எந்த வரிசையில் சொல்வது என்பதை நினைவில் வைக்க, முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல் செய்திருந்தார்கள். அது ஜெர்மன் மொழியில் 'முயலைத் துரத்து' என்பதுபோல் ஒலித்தது. அவ்வளவுதான் உறவு. ஆனால் 1534-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சான ஹகாதாவில் முயல்கள் வலையைத் தாண்டித் தப்பி ஓடுகின்றன. வேட்டையாடப்பட்ட மக்கள் வீட்டில் அப்படத்தைப் பார்த்த பிள்ளைகள் யார் பக்கம் சேர்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கசப்புக் கீரையைச் சுட்டும் இடத்தில் கணவன் மனைவியைச் சுட்டிக் காட்டும் குறும்புப் படமும் சில பழைய ஏடுகளில் உண்டு. அந்த அம்மாள் என்ன பதில் சொன்னாள் என்று எவரும் வரைந்து வைக்கவில்லை.

1695-இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த ஹகாதாவுக்குச் செப்புத்தகட்டில் படம் செதுக்கிய ஆபிரகாம் பார் யாக்கோபு என்பவர் கிறிஸ்தவராகப் பிறந்து யூத மதத்தைத் தழுவியவர். மத்தேயு மேரியான் என்னும் கிறிஸ்தவ ஓவியரின் வேதாகமப் படங்களை மாதிரியாகக் கொண்டு அவர் செதுக்கிய படங்கள் நாடு நாடாகச் சென்று, மீண்டும் மீண்டும் பார்த்து வரையப்பட்டன. நம் பாரத நாட்டுக்கும் அவ்வழி வந்தது. மராத்தி பேசும் பெனே இஸ்ராயேல் யூதர்களுக்காக 1874-இல் பூனாவில் எபிரேயமும் மராத்தியுமாக ஒரு ஹகாதா அச்சாயிற்று. அதில் புளியாத அப்பம் செய்யும் பெண்கள் சேலையுடுத்தித் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கூம்புத் தொப்பி, பூனாவில் சேலை. கேரளத்து மார்த்தோமாக் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இரவில் புளியாத 'பெசகா அப்பம்' சுட்டு, குருத்தோலையால் அதன்மேல் சிலுவையிட்டு, குடும்பத் தலைவர் செபம் சொல்லிப் பிட்டுக் கொடுக்க, தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்த பாலில் தொட்டு உண்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 'பெசகா' என்பதும் பாஸ்காவின் பெயரே.

ஹகாதாவுக்கு வெளியிலும் ஓர் ஓவியரைச் சொல்லியாக வேண்டும். ஹானாவ் நகரில் 1800-இல் பிறந்து, பிராங்க்பர்ட்டில் வாழ்ந்து, 1882-இல் மறைந்த மோரிட்ஸ் தானியேல் ஓப்பன்ஹைம். தாம் பிறந்த யூதத் தெருவின் மதில்கள் அவர் காலத்தில் இடிந்துவிட்டன. யூதர் சட்டப் படிப்பும் வணிகமும் பெற்று ஊரோடு ஊராகக் கலந்துகொண்டிருந்தார்கள். பாட்டன் பாட்டியின் வீட்டு வழக்கங்கள் பேரர்களுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. அப்போது அவர் பழைய யூதக் குடும்ப வாழ்வைப் படம் படமாக வரைந்தார். செதேர் மேசையும் அதில் ஒன்று. புகைப்படமாக எடுத்து அச்சிட வசதியாகக் கறுப்பு வெள்ளையிலேயே வரைந்தார். 1866-இல் வெளிவந்த தொகுதி மேலும் மேலும் விரிந்து, ஜெர்மன் யூதர் வீடுதோறும் இடம் பிடித்தது. பண்டிகையை விட்டுவிட்டவர்கள்கூடப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்தார்கள். இதை ஒரு குறையாகச் சொல்வோரும் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. படமாவது சுவரில் இருந்தால், அது என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும்.

அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில் ஹிட்லர் வந்தான். போலந்தின் வூட்ஜ் நகரில் 1894-இல் பிறந்த ஆர்தர் சிக் என்ற ஓவியர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த காலத்தில் ஒரு ஹகாதா வரைந்தார். எகிப்தியரை நாஜிச் சின்னத்தோடு வரைந்தார். பதிப்பாளர் எவரும் துணியவில்லை; அச்சின்னங்களை அழித்த பிறகே 1940-இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. தோலில் அச்சிட்ட 250 பிரதிகள், ஒவ்வொன்றும் 100 கினி. ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு அர்ப்பணம். சின்னத்தை அழித்தாலும் ஒன்றை விட்டு வைத்தார் சிக். ஹகாதாவில் நான்கு புதல்வர் வருவார்கள்: ஞானி, துஷ்டன், பேதை, கேட்கத் தெரியாதவன். அந்தத் துஷ்டனுக்கு ஜெர்மன் உடையும் ஹிட்லர் மீசையும்! தன் குடும்பத்தை மறந்து பகைவனின் வேடம் பூண்ட யூதன் அவன். சிக்கின் தாய் நாஜிகளின் படுகொலைக்குத் தப்பவில்லை.

தப்பியவர்கள் 1946 ஏப்ரலில் மியூனிக் நகரில் கூடிப் பாஸ்கா கொண்டாடினார்கள். ஹிட்லர் கட்சி தழைத்த அதே நகரில்! அந்த இரவுக்கென்று யோசேப் தோவ் ஷைன்சன் ஒரு ஹகாதா தயாரித்தார். அமெரிக்க இராணுவத்து ராபி ஆபிரகாம் கிளவுஸ்னர் அதை இராணுவத்தின் துணையோடு அச்சிட ஏற்பாடு செய்தார். அதிலுள்ள மரச்செதுக்குப் படங்கள் ஹங்கேரிய யூதரான மிக்லோஷ் ஆட்லர் செய்தவை. செங்கடலும் பாரவோனும் இருக்க வேண்டிய இடத்தில் முகாமின் புகைபோக்கியும், குடும்பத்தைப் பிரிக்கும் காவலனும், தாயை விட்டு இழுபடும் குழந்தையும். பழைய ஏடுகளிலெல்லாம் மேசையைச் சுற்றிப் பாட்டன் முதல் பேரன் வரை உட்கார்ந்திருப்பார்கள். மியூனிக் மேசையில் முழுக் குடும்பமாக அமர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! கேள்வி கேட்கக் கடைக்குட்டி இல்லாத வீட்டாரும், பதில் சொல்லத் தகப்பன் இல்லாத வீட்டாருமே பெரும்பாலும் அங்கே கூடியிருந்தார்கள்.

கடைசியாக ஓர் ஏடு. இதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம் என்றாலும் மிகையில்லை. 1350 அளவில் அரகோன் நாட்டில், பெரும்பாலும் பார்சலோனாவில், வெண்மையாக்கிய கன்றுத்தோலில் எழுதிய ஹகாதா. இன்று சரயேவோ ஹகாதா என்று உலகம் அறியும். முதலில் 34 பக்கங்கள் முழுதும் சித்திரம்: உலகப் படைப்பில் தொடங்கி மோயீசன் காலம் வரை. கடவுளின் உருவம் மட்டும் எங்கும் வரையப்படவில்லை. பின்னே வரும் ஒரு படத்தில் ஒரு குடும்பம் செதேர் மேசையில் அமர்ந்திருக்கிறது. அவர்களோடு கறுத்த மேனியுள்ள ஒரு பெண், கையில் புளியாத அப்பத்துடன். அவள் பணிப்பெண்ணா, அடிமையா, யூத நெறியைத் தழுவியவளா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். விடுதலை விருந்தில் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது என்பதைப் படம் காட்டுகிறது.

இதுவும் ஸ்பெயினை விட்டு வெளியேறியது. 1510-இல் கைமாறியதாக அதில் குறிப்பு உண்டு. 1609-இல் இத்தாலியில் இருந்தது. அங்கே 1553-இல் உரோமையில் தால்மூது நூல்களைக் குவித்துத் தீயிட்டிருந்தார்கள். அதற்குப்பின் எபிரேய நூல்களைச் சபையின் தணிக்கையாளர் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்ற நிலை. ஜியோவான்னி தொமேனிக்கோ விஸ்தொரீனி என்ற தணிக்கையாளர் இந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்து, தாம் பரிசீலித்ததாக ஒரு வரி எழுதி, 1609 என்று ஆண்டு குறித்துக் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரியால் புத்தகம் பிழைத்தது. அவர் அதன் அழகுக்கு இரங்கினாரா, கடமை முடிந்தது என்று கையெழுத்திட்டாரா, யாருக்குத் தெரியும்?

பின்பு 1894-இல் போஸ்னியாவின் சரயேவோ நகரில் யோசேப்பு கோகேன் என்பவர், குடும்பத்தின் வறுமையால், 150 கிரவுன் நாணயத்துக்கு இதை அந்நகர அருங்காட்சியகத்திற்கு விற்றார். பாஸ்கா இரவுகளில் மேசைமேல் இருந்த ஏடு அன்றுமுதல் பெட்டிக்குள் போயிற்று. 1941-இல் ஜெர்மானியர் சரயேவோவில் நுழைந்தார்கள். அங்கிருந்த யூதரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்ட குரோவாத்திய உஸ்தாஷாக்களும் அக்கொலையில் கூட்டு. 1942 தொடக்கத்தில் போர்ட்னர் என்ற ஜெர்மன் தளபதி ஹகாதாவைக் கேட்டு அருங்காட்சியகத்துக்கு வந்தான். இயக்குநர் யோசோ பெத்ரோவிச், குரோவாத்தியர். நூலகர் தெர்விஷ் கோர்குட், இஸ்லாமியர். இருவரும் பேசி முடிவு செய்ய அதிக நேரம் இல்லை. ஏட்டைக் கோர்குட் தம் உடைக்குள் செருகிக்கொண்டார். வேறோர் அதிகாரி முன்பே வந்து வாங்கிப் போய்விட்டாரே என்று தளபதியிடம் சொல்லப்பட்டதாக வழங்குகிறது. ஏடு மலைக் கிராமம் ஒன்றில், ஒரு மசூதியில், குர்-ஆன் பிரதிகளுக்கிடையே மறைந்திருந்தது என்பார்கள்.

கோர்குட் புத்தகத்தை மட்டும் காக்கவில்லை. பெற்றோரை இழந்த ஒரு யூதப் பெண்ணைத் தம் வீட்டில் இஸ்லாமியப் பணிப்பெண் என்று சொல்லி மறைத்து வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அப்பெண் எருசலேமில் யாத் வாஷேம் நினைவகத்துக்கு எழுதிய சாட்சியத்தால் 1994-இல் கோர்குட் தம்பதியர் 'நாடுகளின் நீதிமான்கள்' என்று கௌரவிக்கப்பட்டனர். 1999-இல் கோசோவோப் போரில் அகதியான கோர்குட்டின் மகள், அந்தச் சான்றிதழைக் காட்டியே யூதர்களின் உதவியால் இஸ்ராயேல் போய்ச் சேர்ந்தார். விமான நிலையத்தில் அவரை வரவேற்கக் காத்திருந்தவர், அன்று ஒளித்துவைக்கப்பட்ட பெண்ணின் மகன்.

1992-இல் சரயேவோ மீண்டும் முற்றுகைப்பட்டது. அருங்காட்சியகம் போர்முனையிலேயே இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நகரின் தேசிய நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. எரிவதற்கு முன்பே, குண்டுவீச்சின் நடுவே, தொல்லியல் அறிஞர் எனவேர் இமாமோவிச் காவலரோடு அருங்காட்சியகத்தில் புகுந்து ஹகாதாவை மீட்டு வங்கியின் பாதுகாப்பு அறையில் சேர்த்தார். அவரும் இஸ்லாமியர். 1995 ஏப்ரலில், முற்றுகை முடியுமுன், சரயேவோ யூதர் கொண்டாடிய பாஸ்கா விருந்துக்கு நாட்டின் அதிபர் இசெத்பெகோவிச் அதை எடுத்து வந்து காட்டினார். நூறாண்டுக்குப் பிறகு அது ஒரு பாஸ்கா விருந்துக்கு வந்தது.

நம் திருச்சபையின் நிலையும் மாறியிருக்கிறது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்து வழங்கிய இழிசொல்லைப் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1959-இல் நீக்கினார். ஆண்டவரின் பாடுகளுக்கு யூத குலம் முழுவதையும் பழிக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ஆம் நாள் அறிவித்தது. பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் 1986-இல் உரோமை ஜெபக்கூடத்துக்குச் சென்றார். 2000-ஆம் யூபிலி ஆண்டில் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு மன்றாட்டை எழுதிச் செருகினார். பாஸ்கு மேடைகளில் ஒட்டுத்தாடி இன்னும் முழுதும் மறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரயேவோ ஹகாதா 2001-இல் பழுது பார்க்கப்பட்டு, 2002 முதல் தனி அறையில் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2017-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏட்டில் இன்றும் கறைகள் இருக்கின்றன. வாதைகளை எண்ணும்போது தெறித்த துளியோ, தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை கவிழ்த்த கிண்ணமோ; பார்சலோனாவிலோ இத்தாலியிலோ சரயேவோவிலோ ஏதோ ஒரு வீட்டில், இரவு வெகுநேரம் ஆனபின்.